ஜிமேட் வாதக் கட்டுரை: டெம்ப்ளேட் போதுமா, தயாராக வேண்டுமா?

கேள்வி, 2018 ஜூன் 3

எம்பிஏ படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுத இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கணிதமும் வெர்பல் என்கிற ஆங்கில மொழிப் பகுதியும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஒரு வாதத்தைக் கொடுத்து அதை அலசி எழுதச் சொல்லும் ஏடபிள்யூஏ என்கிற வாதக் கட்டுரையை மட்டும் இதுவரை தொடவில்லை. 800-க்கான மொத்த மதிப்பெண்ணில் அது சேராதாம். அப்படியென்றால் ஒரு டெம்ப்ளேட்டை மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதாதா? எழுதியவர்கள் சொல்லவும்.

2018 ஜூன் 3, இரவு

போதும். ஒரு மாலை ஒதுக்கினால் தாராளம். "இந்த வாதத்தில் மூன்று குறைகள் உள்ளன" என்று ஆரம்பி, மூன்று பத்தி எழுது, எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒரு பத்தி, முடி. நான் 2016-இல் அப்படித்தான் எழுதினேன். மிச்ச நேரத்தைக் கணிதத்துக்குக் கொடு.

2018 ஜூன் 4

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்த 2016 தேர்வில் எனக்குக் கட்டுரைக்கு வந்தது 4. ஆறுக்கு நான்கு.

நான்கு என்பது கேவலமில்லை. ஆனால் மாதத்துக்கு நூறு மின்னஞ்சல் ஆங்கிலத்தில் எழுதிப் பிழைத்தவனுக்கு அது உறைத்தது. தேர்வு முடிந்ததும் திரையில் தெரிவது மற்ற மதிப்பெண்கள்தான். கட்டுரையின் மதிப்பெண் அதிகாரபூர்வ அறிக்கையோடு பிறகுதான் வரும். அந்த இடைப்பட்ட நாட்களில் 5.5 நிச்சயம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

என்ன ஆயிற்று என்றால், வந்த வாதம் என் தொழிலைப் பற்றியது. வினாவை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதுகிறோம், ஆகவே சாயலை மட்டும் சொல்கிறேன். ஒரு நிறுவனம் சிதறிக் கிடக்கும் கிடங்குகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் செலவு குறையும் என்ற வகை. நான் அப்போது ஆறு வருடமாகக் கிடங்கு நிர்வாகத்தில் இருந்தேன். பார்த்ததும் கை பரபரத்தது. ஒரே கிடங்கு ஏன் சரிப்படாது, சரக்கு வண்டி எத்தனை நடை கூடுதலாக ஓடும், திரும்பி வரும் சரக்கை எங்கே வைப்பது என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். நல்ல கட்டுரைதான். கேட்ட கேள்விக்கான கட்டுரை இல்லை.

2018 ஜூன் 4, சற்றுப் பிறகு

"அதுவும் வாதத்தை மறுப்பதுதானே, என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறார்கள். இங்கேதான் எல்லோரும் விழுகிறோம்.

வாதம் சொல்லும் முடிவு சரியா தவறா என்பது கேள்வியே இல்லை. அந்த முடிவுக்கு அவர்கள் வந்த வழி உறுதியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே கிடங்கு என்பது உண்மையிலேயே லாபமான யோசனையாக இருக்கலாம். ஆனால் "போட்டி நிறுவனம் செய்தது, அவர்களுக்கு லாபம் கூடியது, ஆகவே நாமும் செய்வோம்" என்பது காரணமாகாது. நான் முடிவோடு சண்டை போட்டேன். சண்டை போட வேண்டியது "ஆகவே" என்ற சொல்லோடு.

வினாவுக்குக் கீழே வரும் குறிப்பிலேயே இது இருக்கிறது. வாதம் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, சான்றுகளை எப்படிப் பயன்படுத்துகிறது, எந்த அனுமானங்கள் சந்தேகத்துக்கு இடமானவை, வேறு விளக்கம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பொருளைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று எங்கும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அதற்கும் தனிக் கட்டுரை இருந்தது. 2012 ஜூன் வரை இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். அபிப்பிராயக் கட்டுரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அட்டவணை, வரைபடங்களைப் படித்து விடை சொல்லும் இன்டகிரேட்டட் ரீசனிங் பகுதியை வைத்தார்கள். நான் நான்கு வருடம் தாமதமாக அதை எழுதிவிட்டு வந்தேன்.

2018 ஜூன் 9

மாதிரி ஒன்று கேட்டார்கள். அசல் வாதங்களின் முழுப் பட்டியலையே தேர்வு நடத்தும் அமைப்பு இலவசமாக வெளியிட்டிருக்கிறது, அதிலிருந்துதான் தேர்விலும் வரும். ஆனால் இது நானே கட்டியது:

*ஒரு நாளிதழின் நிர்வாகக் குறிப்பு. "சென்ற ஆண்டு ஞாயிறு இதழில் விளையாட்டுக்கு நான்கு பக்கம் கூட்டினோம். அடுத்த ஆறு மாதத்தில் ஞாயிறு விற்பனை 12 சதவீதம் உயர்ந்தது. கருத்துப் படிவம் அனுப்பிய வாசகர்களில் பத்துக்கு எட்டுப் பேர் விளையாட்டுப் பக்கங்களைப் பாராட்டினார்கள். ஆகவே வாரம் முழுவதும் விளையாட்டுப் பக்கங்களைக் கூட்டினால் நம் லாபம் பெருகும்."*

முதல் ஓட்டை கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பக்கம் கூட்டினார்கள், விற்பனை கூடியது. கூட்டியதால் கூடியதா? அந்த ஆறு மாதத்தில் பெரிய விளையாட்டுப் போட்டி ஏதாவது நடந்திருக்கலாம். எதிர்ப் பத்திரிகை விலையை ஏற்றியிருக்கலாம்.

இரண்டாவது, படிவம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், ஏனென்றால் பானையில் இருப்பது எல்லாம் ஒரே அரிசி, ஒரே நெருப்பில் வெந்தது. வாசகர்கள் அப்படி இல்லை. படிவத்தை நிரப்பி அனுப்பும் சிரமத்தை எடுத்துக்கொள்கிறவர் யார்? விளையாட்டுப் பக்கத்தைப் பிடித்துப்போனவர். பிடிக்காதவர் பேசாமல் பத்திரிகையை நிறுத்தியிருப்பார், அவருடைய சோறு அந்தப் பானையிலேயே இல்லை.

மூன்றாவது, ஞாயிறு எடுபட்டது செவ்வாயிலும் எடுபடும் என்ற நம்பிக்கை. ஞாயிறு ஆற அமரப் படிக்கிறவர் செவ்வாய் காலை தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறார்.

நான்காவதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம். சான்று விற்பனையைப் பற்றியது, முடிவு லாபத்தைப் பற்றியது. இடையில் சொல் மாறிவிட்டது. தாள், அச்சு, கூடுதல் நிருபர்கள் எல்லாம் செலவு. விற்பனை உயர்ந்து லாபம் குறைவது ஒன்றும் அதிசயமில்லை. வாதத்தைப் படிக்கும்போது கடைசி வாக்கியத்தில் புதிதாக நுழைந்திருக்கும் சொல்லைத் தேடு. பாதி நேரம் ஓட்டை அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஆனால் ஓட்டையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. நான் 2016-இல் எழுதிய பத்திகளில் "இது நிரூபிக்கப்படவில்லை" என்பதோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்க வேண்டும். அனுமானம் தவறானால் நடந்திருக்கக்கூடியது என்ன என்று ஒரு திட்டவட்டமான காட்சி. அந்தக் காட்சி உண்மையானால் முடிவுக்கு என்ன ஆகிறது என்று ஒரு வாக்கியம். "விற்பனையைக் கூட்டியது அந்தப் போட்டித்தொடர் என்றால், அது முடிந்ததும் வாசகர்கள் போய்விடுவார்கள், கூட்டிய பக்கங்களின் செலவு மட்டும் நிற்கும்." அவ்வளவுதான். இந்தக் கடைசி வாக்கியம் இருக்கும் பத்தியும் இல்லாத பத்தியும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் எழுதியதாகத் தெரியாது.

2018 ஜூன் 10

நான்கையும் எழுதாதே. மூன்று. மேலே உள்ளதில் நான் ஞாயிறு-செவ்வாயை விட்டுவிடுவேன். சரியான குறைதான், ஆனால் அதை வைத்து மூன்று வாக்கியத்துக்கு மேல் ஓட்ட முடியாது.

2018 ஜூன் 10, மாலை

இல்லை, படிவத்தை விட்டுவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். ஆனால் திருத்துகிறவருக்குப் புதுமை தேவையில்லை, தெளிவு தேவை. சரி, படிவம் இருக்கட்டும். இப்படி யோசித்தே எனக்கு நான்கு நிமிடம் போகும்.

2018 ஜூன் 16

நேரத்தைப் பற்றி.

எனக்கு முதல் பத்தி வியாதி உண்டு. முதல் வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் அழித்து அழித்து எழுதுவேன். 2016-இல் கடிகாரத்தைப் பார்த்தபோது 11 நிமிடம் போயிருந்தது, திரையில் இருந்தது நான்கு வரி. முடிவுரை எழுத நேரமே கிடைக்கவில்லை. கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து நின்றது.

இப்போது வீட்டில் கடைப்பிடிப்பது இது. முதல் ஐந்து அல்லது ஆறு நிமிடம் விசைப்பலகையைத் தொடுவதில்லை. வாதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, முடிவு என்ன, அதற்கு முட்டுக்கொடுக்கும் சான்றுகள் எவை, இடைவெளி எங்கே என்று குறிப்புப் பலகையில் கிறுக்குகிறேன். பிறகு முதலில் நடுப்பத்திகள் மூன்றையும் எழுதுகிறேன். முன்னுரை கடைசியில். பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வரிசையாக எழுதிப் பழகிய கைக்கு இது முதலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் மூன்று பத்தி முடிந்தபிறகு முன்னுரை ஒன்றரை நிமிடத்தில் வந்துவிடுகிறது, ஏனென்றால் எதற்கு முன்னுரை என்று அப்போதுதான் எனக்கே தெரிகிறது. கடைசி மூன்று நிமிடம் பிழை பார்க்க.

தட்டச்சுப் பெட்டியில் வெட்டலாம், ஒட்டலாம், செய்ததை மீட்கலாம். எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு வராது. அதனால் பயிற்சியையும் நோட்பேடில் செய். வழக்கமான மென்பொருளில் பழகிவிட்டுப் போனால் உன் எழுத்தே உனக்கு அந்நியமாக இருக்கும். நான் பத்து வருடமாக ஒரு சொல்லைத் தப்பாகவே தட்டிக்கொண்டிருந்தேன் என்பதும், கணினி அதை ஓசைப்படாமல் திருத்திக்கொண்டிருந்தது என்பதும் மூன்றாவது பயிற்சியில்தான் தெரிந்தது.

2018 ஜூன் 17

டெம்ப்ளேட்டை நான் முழுக்கத் திட்டவில்லை. முன்னுரைக்கும் முடிவுரைக்கும் ஒரு வடிவம் கையில் இருப்பது நல்லது. நடுவில் வைத்தால்தான் ஆபத்து.

பசு மாட்டைப் பற்றிக் கட்டுரை மனப்பாடம் செய்துகொண்டு போனவனுக்குத் தென்னை மரத்தைக் கொடுத்தார்களாம். "தென்னை மரத்தில் பசுவைக் கட்டுவார்கள். பசு பால் தரும்" என்று எழுதிவிட்டு வந்தானாம். நான் பயிற்சிக்குப் போன இடத்தில் கொடுத்த டெம்ப்ளேட்டும் அந்தப் பசுதான். "மாதிரியின் அளவு போதாது" என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. கருத்துக்கணிப்பே இல்லாத வாதத்திலும் அதை எழுதிக்கொண்டிருந்தேன். பயிற்றுநரும் சரி என்று டிக் அடித்துக் கொடுத்தார்.

2018 ஜூன் 19

"இயந்திரம்தானே திருத்துகிறது, பெரிய சொற்களாகப் போட்டால் போதும்" என்று ஒருவர்.

இயந்திரமும் திருத்துகிறது. கட்டுரையை ஒரு மனிதர் படித்து மதிப்பெண் போடுவார், ஒரு நிரல் தனியாகப் போடும், இரண்டுக்கும் சராசரி. அரை அரைப் புள்ளியாக 0 முதல் 6 வரை. இரண்டும் ஒரு புள்ளிக்கு மேல் விலகினால் இன்னொரு மனிதர் பார்த்து முடிவு செய்வார். நிரலைக் கொண்டுவந்தது 1999-இல், அப்போது இ-ரேட்டர். 2006-இலிருந்து இன்டெலிமெட்ரிக்.

பெரிய சொல் விஷயத்தில் ஆள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சித் துறையில் இருந்த லெஸ் பெரல்மேன் மாணவர்களோடு சேர்ந்து 2014-இல் பேபல் என்று ஒரு நிரல் செய்தார். ஒன்றிரண்டு சொல்லைக் கொடுத்தால் தலையும் வாலும் இல்லாத ஒரு கட்டுரையைக் கம்பீரமான ஆங்கிலத்தில் கக்கும். தானாகத் திருத்தும் நிரல்கள் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டன. படித்துச் சிரித்தேன். ஆனால் அந்த உளறலை ஒரு மனிதர் படித்தால் ஒன்றோ இரண்டோதான் போடுவார், விலகல் பெரிதாகும், மூன்றாவது ஆள் வருவார். யந்திரத்தை ஏமாற்றி மனிதரிடம் மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இன்னொன்று. நீ மதிப்பெண் அனுப்பச் சொல்லும் கல்லூரிக்கு நீ எழுதிய கட்டுரையும் சேர்ந்தே போகிறது. விண்ணப்பத்தில் தேன் ஒழுகும் ஆங்கிலம், இங்கே தப்பும் தவறுமாக என்றால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களால் முடியும்.

2018 ஜூலை 1

கேள்வி கேட்டவர் எழுதிவிட்டார். கட்டுரையைக் கடைசியில் வைத்துக்கொண்டாராம். போன வருடம் ஜூலையிலிருந்து பகுதிகளின் வரிசையை நாமே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா, எனக்கு 2016-இல் அந்த வசதி இல்லை, கட்டுரைதான் முதலில். மொத்த மதிப்பெண்ணில் சேராத ஒன்றுக்காகத் தெளிந்த மூளையைச் செலவழிப்பானேன் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்கு.

எனக்கு ஒத்துவராது. கடைசியில் வைத்தால், கணிதத்தில் எது தப்பாகப் போயிற்று என்ற நினைப்பிலேயே உட்கார்ந்திருப்பேன். முதலில் எழுதினால் கை சூடாகிறது, மேசையும் திரையும் பழகுகின்றன. ஆகஸ்டில் நானும் திரும்ப எழுதப்போகிறேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு 4-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

2018 செப்டம்பர் 12

5.5.

கேட்டவருக்கு 5. அவர் தயாரானது மூன்று வாரம், நான் இரண்டரை மாதம். அரைப் புள்ளி வித்தியாசம். அவருடைய சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

என்ன செய்தேன் என்றால், 22 கட்டுரை எழுதினேன், எல்லாம் கடிகாரம் வைத்து. அதைவிடப் பயன்பட்டது வேறொன்று. வெளியான பட்டியலிலிருந்து தினம் மூன்று வாதம் எடுத்து, எழுதாமல், ஓட்டையை மட்டும் வாய்விட்டுச் சொல்வது. ஒன்றுக்கு இரண்டு நிமிடம். நாற்பது ஐம்பது பார்த்தபிறகு ஓட்டைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவது தெரியும். பின்னால் வந்ததால் அதனால் வந்தது என்பது, சிலரை வைத்து எல்லோரையும் அளப்பது, அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும் என்பது, நேற்று போலவே நாளையும் என்பது, நடுவில் சொல்லை மாற்றுவது. வாதத்தின் உடுப்பு மட்டும்தான் மாறுகிறது.

இந்த முறை வந்த பொருளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று.

2018 செப்டம்பர் 13

கேட்டவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "4 வாங்கினாய், பயிற்சி செய்தாய், 5.5 வாங்கினாய், ஆகவே பயிற்சியால் கூடியது. உன் காக்கை எந்தப் பனைமரத்தில் உட்கார்ந்திருக்கிறது?"

மாட்டிக்கொண்டேன். வினா எளிதாக அமைந்திருக்கலாம். என் தொழில் இல்லாத பொருள் வந்ததே காரணமாக இருக்கலாம், அது வெறும் அதிர்ஷ்டம். இரண்டு வருடத்தில் என் ஆங்கிலம் தேறியிருக்கலாம். முதல் தேர்வுக்கு முந்தைய இரவு நான் மூன்று மணி நேரம்தான் தூங்கினேன் என்பதை எங்கும் சொல்லவில்லை. ஒரே ஆளின் இரண்டு தேர்வு, இதை வைத்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

கடிகாரம் முடியும்போது முடிவுரை இருந்தது. அதை மட்டும் பயிற்சியின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். அதற்கு வேறு விளக்கம் யாராவது வைத்திருந்தால் சொல்லவும்.

2018 செப்டம்பர் 15

மறுதிருத்தம் கேட்கலாமா என்று தனியாக ஒருவர். கேட்கலாம், தனிக் கட்டணம். மதிப்பெண் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். 5 வைத்திருப்பவர் ஏன் சீண்ட வேண்டும்?

2020 மே 6

வீட்டிலிருந்தே எழுதும் ஜிமேட் போன மாதம் வந்திருக்கிறது, அதில் கட்டுரையே இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டுப் பயந்துபோய் ஒருவர் என்ன தயார் செய்வது என்று கேட்கிறார். ஒன்றும் வேண்டாம். நோட்பேடை மூடு.

2024 பிப்ரவரி 4

பழைய ஜிமேட் போன மாதம் 31-ஆம் தேதியோடு முடிந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் கட்டுரை கிடையாது. மேற்படிப்புக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிஆர்இயிலும் 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபோது வாதக் கட்டுரையை எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது மிச்சம் இருப்பது அபிப்பிராயக் கட்டுரை. 2016-இல் நான் எழுதிய கிடங்குக் கட்டுரைக்குக் கடைசியில் ஒரு தேர்வு கிடைத்திருக்கிறது.

இன்னும் இங்கே வந்து படிக்கிறவர்கள் இருப்பதால் ஒன்று. வெர்பலில் ஒரு சிறு வாதத்தைக் கொடுத்து ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கிரிட்டிகல் ரீசனிங் அப்படியே இருக்கிறது, வாதங்களும் அதே குடும்பம்தான். ஐந்து விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு முதலில் ஓட்டையை நீயே சொல், பிறகு கையை எடு. விடைகளை முதலில் படித்தால் ஐந்தும் சரி என்றே தோன்றும். கட்டுரைக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட வேலையை அங்கே அரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். முதல் வாரம் முடியாது.